இடது தோள் இறங்கிய கோட்டு

காலை ஏழு பத்து. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி அங்கேயே சிக்கிக்கொண்டது. உள்ளே முதலில் தெரிந்தவை ஓரங்கள். போலீஸ் பேன்ட்டின் அடிமடிப்பு, ராஜா அங்கியின் சரிகை விளிம்பு, ஒரு பாவாடையின் கொசுவம், நர்ஸ் கவுனின் மஞ்சளேறிய வெள்ளை. எல்லாம் தரைக்கு ஒரு சாண் மேலே வரிசையாக நின்றன. ஆட்கள் வந்துவிட்டார்கள், பாதங்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல் இருந்தது.

கௌஸ் பாய் ஷட்டரை ஓர் உதை உதைத்தார். "எப்பவும் இப்படித்தான் அம்மா. மேல போகாது, கீழயும் வராது. நம்ம வியாபாரம் மாதிரி."

ஸ்டெல்லாக்கா குனிந்து உள்ளே பார்த்தார். "நீலக் கோட்டு எந்தப் பக்கம் பாய்?"

"நீலக் கோட்டா? பேண்டு வாத்தியம் இருக்கு, ஏர்ஹோஸ்டஸ் இருக்கு, ஓட்டல் வாட்ச்மேன் இருக்கு. உங்களுக்கு யாரு வேணும்?"

"குதிரைக்காரி."

கௌஸ் பாய் மறுபடி உதைத்தார். ஷட்டர் எழும்பியது. பாச்சை உருண்டையும் பழைய வேர்வையும் கலந்த காற்று வெளியே வந்தது.

சனத்நகர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் அந்த ஷெட் இருந்தது. ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் பெயின்ட் அடிக்கும் கூடம். நடுவில் பாயின் டிரஸ் கம்பெனி. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் உடுப்பு வாடகைக்குத் தருகிற இடம். பாய் இளமையில் கோடம்பாக்கத்தில் வேலை பார்த்தவர். தெலுங்குப் படங்களின் வேலை ஹைதராபாத்துக்கு வந்தபோது உடுப்பு மூட்டைகளோடு அவரும் வந்தார். தமிழை அங்கே கற்று, அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஷெட்டின் சொந்தக்காரர் இடத்தை அடுக்குமாடி கட்டுபவருக்கு விற்றுவிட்டார். தேறுகிற உடுப்புகளை வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. மிச்சத்தை அள்ளிப் போக அன்று மத்தியானம் டெம்போ வரும். அதற்குள் ஸ்டெல்லாக்கா ஒரு கோட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்புறம் எங்கே போகும்?

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஸ்டூடியோ கேன்டீன் பற்றி எழுதியதைப் படித்த ஈரோட்டு வாசகி ஒருவர், "படத்தில் உடுத்துகிற துணியெல்லாம் அப்புறம் எங்கே போகும்?" என்று கேட்டிருக்கிறார். நான் ஞாயிறு இணைப்பில் சினிமாப் பக்கத்தையும் உடைப் பக்கத்தையும் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

பதில் இது. நாயகி உடுத்தியது அடுத்த படத்தில் தோழிக்குப் போகும். அதற்கடுத்து, கூட்டத்தில் நிற்பவருக்கு. பிறகு பள்ளி ஆண்டு விழாவுக்கு. கடைசியில் பட்டறைக்கு. இயந்திரத்தில் எண்ணெய் துடைக்கப் பருத்தித் துணி எப்போதும் வேண்டியிருக்கிறது. அன்று காலை பக்கத்து லேத் பட்டறையில் ஒருவர் பூப்போட்ட ராஜா பைஜாமாவின் ஒற்றைக் காலால் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பு நாடாகூட அவிழ்க்கப்படாமல் தொங்கியது.

பட்டும் வெல்வெட்டும் எண்ணெய் குடிக்காது. அவை தலையணைக்குள் போகும்.

மடித்து வெட்டுவது

ஸ்டெல்லாக்கா எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடி. சொந்த ஊர் ராயபுரம். மகன் அருளுக்கு மாதாப்பூரில் சாப்ட்வேர் வேலை கிடைத்தபின் அவனோடு இருக்க வந்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைப் பேப்பர்காரம்மா என்பார்.

இளமையில் அவர் டூப் நடிகை. நாயகி குதிரை ஏறும் காட்சிகளில், நாயகியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறியவர். முகம் வராது. முதுகு வரும், கூந்தல் வரும், புழுதி வரும். ஒரு படத்தின் நடுவில் ஈர மண்ணில் குதிரை சறுக்கிக் கீழே விழுந்தார். இடப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் தள்ளிக் கூடியது. அன்றிலிருந்து இடது தோள் வலதைவிட இறங்கியே இருக்கும். கட்டைப் பிரித்த வாரமே திரும்பப் போய் மிச்சக் காட்சிகளை முடித்துக்கொடுத்தார்.

"அந்தக் குதிர வேற யாரையும் ஏத்தாது. அதுக்கு என்னைத்தான் தெரியும்," என்பார்.

தோள் பற்றி அவருக்குக் குறை கிடையாது. குறையெல்லாம் ரவிக்கை பற்றி.

தைக்கக் கொடுக்கும்போது பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். இங்கே தெலுங்கில் ஆதி ஜாக்கெட் என்கிறார்கள். டைலர் அதை மேசையில் போட்டு ஒரு பாதியை மட்டும் அளப்பார். புதுத் துணியை இரண்டாக மடித்து, இரண்டு பக்கத்தையும் ஒரே வெட்டாக வெட்டுவார். உடம்பின் வலப்பாதியும் இடப்பாதியும் ஒன்றுதான் என்று அந்தக் கத்தரிக்கோல் நம்புகிறது.

ஸ்டெல்லாக்காவின் வலப்பாதியை அளந்தால் இடப்பக்கம் நழுவி விழும். இடப்பாதியை அளந்தால் வலது கையைத் தூக்க முடியாது. விளக்கிச் சொன்னால் "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு மடித்துத்தான் வெட்டுவார்கள். ராயபுரத்திலும் அதே. இங்கேயும் அதே. அந்தத் தப்பு ரவிக்கையே அடுத்த தடவை அளவு ரவிக்கையாகிவிடும். பழைய தப்போடு புதுத் தப்பும் சேரும். அவர் வீட்டிலிருந்த ஒரு ரவிக்கைகூட அவருடையதாக இல்லை.

அருளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் வீட்டார் போவன்பள்ளி. தலைமுறைகளாக செகந்தராபாத் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் பெரியம்மா ஸ்டெல்லாக்காவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "தோளுக்கு என்னங்க ஆச்சு?" அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பதில் வரும்வரை கண்ணை எடுக்காத பழக்கம் உள்ளவர்.

ஸ்டெல்லாக்கா வாயைத் திறக்குமுன் அருள் சொன்னான். "பஸ்லேருந்து விழுந்துட்டாங்க. ரொம்ப நாள் முன்னாடி."

அடுத்த வாரம் அவன் அம்மாவுக்கு ஒரு ஷால் வாங்கி வந்தான். சாம்பல் நிறம். நல்ல காஷ்மீர் கம்பளி. கல்யாணம் மே மாதம்.

"போத்திக்கினு நில்லுன்றான்," என்று ஸ்டெல்லாக்கா எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி சொன்னார். "மே மாசத்துல. நான் இன்னா ஜுரக்காரியா? அப்டிப் போத்திக்கினு மேடையில நிக்கறதுக்கு, நான் கீழயே பின்வரிசையில உக்காந்துக்கறேன். அவனும் நிம்மதியா இருப்பான்."

கோபமாகச் சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டவர் குரலில் சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மாவும் மேடையில் இல்லையென்றால் அருளின் பக்கம் நிற்க யாரும் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே அந்தக் கோட்டைப் பற்றிப் பேசினார்.

"விழுந்து எழுந்து போனேன் பாரு, அப்ப டைலர் மாஸ்டர் என் கோட்டுக்குள்ள பஞ்சு வெச்சுத் தோளைத் தூக்கிப் பாத்தாரு. குதிர ஓடச்சொல்ல பஞ்சு முதுகுக்குப் போய்டும். அப்பால, 'பஞ்சைத் தூக்கிப் போடு, நான் பாத்துக்கறேன்'னாரு. கோட்ட வாங்கிக்கினு போனாரு, ரெண்டு நாள் கழிச்சுக் குடுத்தாரு. இன்னா பண்ணாரோ தெரில. படத்துல அந்தம்மா எது, நான் எதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. அந்த வித்தை தெரிஞ்சா ரவிக்கையில வெச்சிக்கலாம். ஷால் வேணாம்."

கௌஸ் பாய் கடையை மூடுவதைப் பற்றி நான் அந்த மாதம்தான் பத்திரிகையில் சின்னதாக எழுதியிருந்தேன். கோடம்பாக்கத்து மூட்டைகள் சில இன்னும் பிரிக்கப்படாமலே கிடப்பதாக அவர் சொன்னது நினைவில் இருந்தது. ஸ்டெல்லாக்காவிடம் சொன்னேன். அப்படித்தான் நாங்கள் ஏழு பத்துக்கு அங்கே நின்றோம்.

முன்பக்கம் மட்டும்

எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நான் சினிமா உடுப்பைப் பின்னாலிருந்து பார்த்தவள்.

முதல் தடவை படப்பிடிப்புக்குச் செய்தி எடுக்கப் போனபோது மகாராணி ஒருவர் சிம்மாசனத்தில் இருந்தார். முன்னால் நின்று பார்த்தால் கண் கூசியது. தேநீர் வாங்கப் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். ராணியின் ரவிக்கை முதுகு நெடுகத் திறந்திருந்தது. ஊக்குகளும் துணி காயப்போடும் கிளிப்புகளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிம்மாசனத்தின் பின்பக்கம் வெறும் பிளைவுட். இரண்டுக்கும் வித்தியாசமில்லை. கேமரா பார்க்காத இடத்துக்குத் தையல் செலவு கிடையாது.

ஆனால் எல்லாம் அப்படியில்லை. நல்ல கோட்டை அடையாளம் காண ஒரு வழி உண்டு. போட்டிருப்பவர் கையைத் தூக்கும்போது கோட்டின் அடி ஓரத்தைப் பாருங்கள். ஓரம் நின்ற இடத்தில் நின்றால் வெட்டியவர் உடம்பை அறிந்து வெட்டியிருக்கிறார். கையோடு சேர்ந்து ஓரமும் ஏறினால் அது வெறும் துணி. இதைத் தெரிந்துகொண்டபிறகு என்னால் சினிமாவை நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை. நாயகன் வில்லனை நோக்கி விரல் நீட்டிச் சவால் விடுவார். நான் அவருடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஓரம் அசையாது. இப்போது கோட்டு ஜன்னல் திரைபோல் மேலே போகிறது.

இதை ஞாயிறு பக்கத்தில் எழுதினேன். இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் கூலிங் கிளாஸ் விளம்பரம் வந்தது.

மாதாப்பூர் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழாவுக்கும் போயிருக்கிறேன். டீம் லீடர் ஒருவர் கௌஸ் பாயிடம் வாடகைக்கு எடுத்த சக்கரவர்த்தி உடையில் வந்தார். கழுத்தில் முத்து மாலை, அதன்மேல் அடையாள அட்டை. முதுகுப்பக்கம் உடை சேரவில்லை. அலுவலகப் பெண் ஒருவர் காகிதக் கட்டுகளைக் கவ்வும் கறுப்பு கிளிப்புகளைப் போட்டு இறுக்கிவிட்டார். உட்கார்ந்தால் தெறித்துவிடும். சக்கரவர்த்தி மாலை முழுக்க நின்றுகொண்டே இருந்தார். பிரியாணியையும் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

மற்ற நாட்களில் அவர்கள் போடுவது ஒரே கட்டம் போட்ட சட்டை. தோள் தையல் பாதிக் கையில் வந்து விழும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று ரெடிமேட் கடைக்காரர்கள் உலகத்தை மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். நானும் அதில் ஒன்றைத்தான் வாங்குகிறேன். டைலரிடம் போய் நின்று, சொன்னதையே சொல்லி, தப்பாக வாங்கி வந்து பிரிக்கக் கொடுக்கும் தெம்பு எனக்கும் போய்விட்டது.

விடுதித் தாழ்வாரம்

ஸ்டெல்லாக்கா சொன்ன படம் நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது வந்தது. படத்தின் பெயரும் நாயகியின் பெயரும் இங்கே வேண்டாம்.

கருநீலக் கோட்டு. நிமிர்ந்த காலர். பித்தளைப் பொத்தான். நாயகி அதைப் போட்டுக்கொண்டு குதிரையில் வருவார், இறங்குவார், மாளிகைப் படியேறுவார். விடுதியில் பாதிப் பேர் அந்தக் காலர் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டோம். பித்தளைப் பொத்தான் எங்கும் கிடைக்காமல், அப்பா போலீஸில் இருந்த ஒரு பெண்ணிடம் சொல்லி வரவழைத்தோம்.

பொத்தானைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது நடை. படத்தின் பிற்பாதியில் நாயகி இடது தோளைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு நடப்பார். சிலர் அதைத் திமிர் என்றார்கள். சிலர் சோகம் என்றார்கள். நாங்கள் ஸ்டைல் என்றோம். சாப்பாட்டு மணி அடித்தால் தாழ்வாரம் முழுக்க இடது தோளை இறக்கிக்கொண்டு பெண்கள் நடந்து போவோம். வார்டன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "என்னங்கடி, எல்லாரும் ஒரு பக்கமா வாளி தூக்கின மாதிரி வர்றீங்க?" என்றார்.

குதிரைமேல் இருந்தது வேறு ஒருத்தி என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

காலரில் பவுடர்

ஷெட்டுக்குத் திரும்புகிறேன்.

கௌஸ் பாய் ஒவ்வொரு நீலக் கோட்டாக உருவிக் காட்டினார். ஸ்டெல்லாக்கா இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இது?"

"இது லிப்ட் ஆப்பரேட்டர் பாய்."

"இது?"

"இதுல குதிர ஏறினா குதிரயே சிரிக்கும்."

வெயில் ஏறி, தகரக் கூரை சடசடவென்றது. பாடகர் குழு அங்கிகள் தொங்கிய கம்பிக்குப் பின்னால் பிரிக்காத மூட்டை ஒன்றை நான் அவிழ்த்தேன். அடியில் இருந்தது. நீலம் தோள்பட்டையில் வெளுத்திருந்தது. பித்தளைப் பொத்தான் சில போய்விட்டன. காலர் மட்டும் இன்னும் நிமிர்ந்து நின்றது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்டெல்லாக்காவுக்கும் தெரிந்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அவர் அதைத் தொட்டார்.

வாங்கியதும் உள்ளே திருப்பிப் பார்த்தார். முதுகுப்பக்கம் துருப்பிடித்த சிறு புள்ளிகள், ஊக்கு குத்தி எடுத்த தடம். காலரைப் புரட்டினார். உள்மடிப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ படிந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"இது என்னுது இல்ல."

"கைக்கு?" என்றார் கௌஸ் பாய். ஏன் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். "இதானே குதிரைக்காரி?"

"இது பேன்கேக் பாய். டூப்புக்கு எவன் மேக்கப் போடுவான்? மொகமே வராது. என் காலர்ல வேர்வைதான் இருக்கும். இது அந்தம்மாவுது."

மூட்டையைக் கொட்டிப் பார்த்தோம். இன்னொரு கோட்டு இல்லை. வெளியே டெம்போ வந்து ஹாரன் அடித்தது.

"டூப் கோட்டை யாரு எடுத்து வெச்சுக்குவாங்க அம்மா?" என்றார் பாய். "கிழியும், சேறாகும், தூக்கிப் போடுவாங்க. ஹீரோயினுதுன்னாத்தான் மூட்டைக்கு வரும்."

ஸ்டெல்லாக்கா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். டெம்போவில் வந்த ஆட்கள் முன்வரிசையிலிருந்து அள்ள ஆரம்பித்தார்கள். போலீஸும் நர்ஸும் ஒரே கையில் போனார்கள்.

"வந்ததுக்குப் போட்டாவது பாருங்கக்கா," என்றேன்.

"அவளுது எனக்கு எப்டிச் சேரும்?"

ஆனாலும் எழுந்தார். இடது கையைத்தான் அவர் எப்போதும் முதலில் நுழைப்பார். நான் பின்னாலிருந்து பிடித்தேன். வலது கையும் போயிற்று. முன்பக்கம் பொத்தான் போட முடியவில்லை, வயது கூடிய உடம்பு. நான் தோளைப் பார்த்தேன்.

கோட்டின் தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும். இடப்பக்கத் தையல் வலதைவிட ஒரு விரல் கீழே இருந்தது. சுருக்கம் இல்லை. அவர் இடது கையை, அது போகிற மட்டும் தூக்கினார். கோட்டின் ஓரம் அசையவில்லை.

சுவரில் ரசம் போன நிலைக்கண்ணாடி ஒன்று சாத்தியிருந்தது. ஸ்டெல்லாக்கா அதன்முன் நின்றார். பக்கவாட்டில் திரும்பினார், திரும்பவும் நேராக நின்றார்.

"மாஸ்டர் என் கோட்டுல வித்தை எதுவும் பண்ணல," என்றார். "அந்தம்மா கோட்டத்தான் என் தோளுக்கு எறக்கியிருக்காரு."

கௌஸ் பாய்க்குப் பிடிபடவில்லை. "யாரு கோட்டு யாருக்கு?"

அப்போதுதான் எனக்கு விடுதித் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. சொன்னேன். வார்டன் சொன்னதையும் சொன்னேன்.

"போ பேப்பர்காரம்மா. கதை வுடாத."

"நிஜமாக்கா."

கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "எல்லாருமா?"

"எல்லாரும்."

"லெஃப்டா?"

"லெஃப்ட்தான்."

டெம்போ ஆள் ஒருவர் கோட்டைக் காட்டி, அதுவும் போகுமா என்று தெலுங்கில் கேட்டார். "நக்கோ, நக்கோ," என்று பாய் அவரைத் தள்ளினார். "இது அம்மாவுது."

பார்க்கத்தான்

அருள் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு எங்களை அழைத்துப் போகக் காரில் வந்தான். அம்மா கோட்டோடு ரோட்டில் நின்றார். லேத் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கழட்டுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தான் தெச்சது."

காரில் ஏறினோம். பிறகு அவன் என்னைப் பார்த்து, அம்மாவுக்காகச் சொன்னான். "யாரும் அம்மாவைப் பாத்து சிரிச்சிடக் கூடாதுன்னுதான் ஆன்ட்டி."

"யார்றா சிரிச்சா?" என்றார் ஸ்டெல்லாக்கா.

அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியைத் திருப்பினான்.

தப்பாவே தைங்க

சனத்நகர் மார்க்கெட்டில் நரசிம்முலு என்று ஒரு டைலர். ஸ்டெல்லாக்காவின் தப்பு ரவிக்கைகளில் பலவற்றைத் தைத்தவர் அவர்தான். கோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே லைனிங் இருப்பதால் வெட்டு தெரியாது, பிரித்தால்தான் அளவெடுக்க முடியும் என்றார். பிரித்தால் பழையபடி சேர்க்கத் தன்னால் ஆகாது என்றும் சொன்னார்.

நான் அதை ஞாயிறு பக்கத்துக்குப் படம் எடுக்க நினைத்திருந்தேன். புகைப்படக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

"கல்யாணம் பொறுக்குமா?" என்றார் ஸ்டெல்லாக்கா. "பிரிங்க மாஸ்டர்."

லேசில் பிரியவில்லை. ஊசிமுனை நுழைய இடமில்லாத தையல். நரசிம்முலு தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே பிரித்தார். லைனிங்குக்குள் கான்வாஸ், கான்வாஸுக்குமேல் நீலச் சாக்கட்டிக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. வலது தோள் துண்டையும் இடது தோள் துண்டையும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒன்றை ஒன்று மூடவில்லை.

"ரெண்டு பக்கம் ரெண்டு கட்டிங் மேடம். இது மிஸ்டேக். நான் சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணாதீங்க. தப்பாவே தைங்க."

"லெஃப்ட்ல ஒரு பேட் வெச்சா சமமா வந்துரும். யாருக்கும் தெரியாது."

நான் ஸ்டெல்லாக்காவைப் பார்த்தேன். அவர் அந்த ஷெட்டுக்குப் போனதே தோள் தெரியாமல் இருக்க வழி தேடித்தான்.

"பேடும் வேணாம்," என்றார்.

நரசிம்முலு கோட்டுத் துண்டுகளை ஓரமாகத் தள்ளினார். பிறகு ரவிக்கைத் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒரு பக்கத்தை வெட்டினார். நிறுத்தினார். மறுபக்கத்தை வேறாக வெட்டினார். முகத்தில் திருப்தி இல்லை.

கோட்டின் துண்டுகள் கொஞ்ச நாள் அவர் கடையில் ஒரு பையில் கிடந்தன. பிறகு கேட்டபோது பை இல்லை. என் ஞாயிறு பக்கத்தில் அந்த வாரம் கோடைக்கேற்ற லினன் சட்டைகள் பற்றி வந்தது.

ஹாலில்

மாதா கோயிலில் திருமணம் முடிந்து, போவன்பள்ளியில் ஒரு ஹாலில் வரவேற்பு. ஸ்டெல்லாக்கா கடுகு மஞ்சள் பட்டு உடுத்தியிருந்தார், அதே நிறத்தில் ரவிக்கை. மேடையில் அருளின் வலப்பக்கம் நின்றார். வந்தவர்களுக்குக் கை கொடுத்தார், குழந்தைகளைத் தூக்கினார். நான் பழக்கதோஷத்தில் ரவிக்கையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்ற இடத்தில் நின்றது. இடது தோள் இறங்கியிருந்தது, ஹாலின் கடைசி நாற்காலியிலிருந்தும் தெரிகிற மாதிரி.

கூட்டம் குறைந்ததும் பெண்ணின் பெரியம்மா மேடையேறி வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பஸ்லேருந்து விழுந்தீங்கன்னு சொன்னாங்களே. எந்த ரூட்டு?"

"பஸ் இல்லீங்க. குதிரை."

"குதிரையா? கைக்குங்க குதிரை மேல ஏறினீங்க?"

"வேலை."

பெரியம்மா அருளைப் பார்த்தார். அருள் டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். சரிசெய்து முடித்தான். பிறகு, "சினிமாவுல, ஆன்ட்டி," என்றான். "அம்மா ஹீரோயினுக்கு டூப் போடுவாங்க."

ஹாலில் ஏசி அதிகமாக இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில், அருள் அம்மாவுக்கு வாங்கிய சாம்பல் நிற ஷாலைப் பெரியம்மா போர்த்திக்கொண்டிருந்தார்.